நின்றுகொண்டிருந்தாரா?

ஜூன் 10, செவ்வாய்

மகள் ஹேமாவின் பழைய ரெக்கார்டு நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். அவள் பெரம்பலூர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து பரணில் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்டினேன். வாயைத் திறக்கக் கூடாத வேலை பார்ப்பவளுக்கு எழுதவாவது ஓர் இடம் வேண்டும்.

வேலையின் பெயர் மர்ம வாடிக்கையாளர், இங்கிலீஷில் மிஸ்டரி கஸ்டமர். கேட்டால் சிரிப்பு வரும். நிஜத்தில் ஒரு மர்மமும் கிடையாது. கடைக்குப் போக வேண்டும், வாங்க வந்தவள் மாதிரி நடிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து அறுபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். எந்தக் கடை என்று யாரிடமும் சொல்லக் கூடாது, கட்டின புருஷனிடம்கூட. அப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவரிடம் 'போனில் சர்வே எடுக்கிற வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் மேலே கேட்கவில்லை. துவாக்குடி கம்பெனியை மூடிய பிறகு அவர் எதையுமே மேலே கேட்பதில்லை. இருபத்திரண்டு பேரை மேய்த்த ஃபோர்மேன், இப்போது பால்பண்ணை லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். மூன்று மாதம் ஆகிறது.

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பெரிய துணிக்கடை. இங்கேயும் பெயர் எழுத மாட்டேன், பெரிய கடை என்றே இருக்கட்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால்தான் இந்த வேலையே கட்டுப்படியாகிறது. பஸ் ஸ்டாண்டிலேயே போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்து பைக்குள் போட்டுக்கொண்டேன். வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே வரும் வரை ஒரு சத்தம் விடாமல் பதிவாக வேண்டும்.

முதல் நாலு கேள்வியும் வாசல் செக்யூரிட்டிக்கு. கதவைத் திறந்தாரா? வணக்கம் சொல்லிச் சிரித்தாரா? நின்றுகொண்டிருந்தாரா? தொப்பி, பெல்ட், ஷூ எல்லாம் சரியாக இருந்ததா?

அந்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கதவைத் தள்ளிவிட்டார். "வாங்கம்மா" என்றார், சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

உள்ளே சேலைப் பிரிவில் பெண்களுக்கு வரிசையாக ஸ்டூல் போட்டிருந்தது. ஒருத்தியும் உட்காரவில்லை. "உக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் வந்துருச்சுல்ல மேடம், அதான் போட்டுருக்காங்க. உக்காந்தா சூப்பர்வைசர் மொறைப்பாரு" என்றாள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன். விளக்கம் கேட்கும் கட்டத்தில், 'காவலர் ஸ்டூலில் அமர்ந்திருந்தார், வாடிக்கையாளரைக் கண்டும் எழவில்லை' என்று எழுதினேன். உள்ளதைத்தானே எழுதினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

ரிப்போர்ட் திரும்பி வந்துவிட்டது. பில்லில் உள்ள நேரமும் நான் எழுதிய நேரமும் மூன்று நிமிடம் வித்தியாசம். சென்னை ஏஜென்சியிலிருந்து மிருதுளா போன் செய்து, "கிளையண்ட் ரொம்ப ஸ்ட்ரிக்ட் மேடம்" என்றாள். வயது இருபத்தைந்துகூட இருக்காது. அவளுக்கு நான் பயப்படுகிறேன்.

ஜூன் 14, சனி

ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்கள். பத்துக்கு ஒன்பதரை எனக்கு. மார்க் போடுகிறவளுக்கும் மேலே இருந்து ஒருவர் மார்க் போடுகிறார். பணம் நாற்பத்தைந்து நாள் கழித்து வருமாம். அதுவரை ஒன்பதரையை வைத்துச் சாம்பார் வைக்க வேண்டியதுதான்.

ஜூன் 19, வியாழன்

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு எதுவும் சரியாகப் படுவதில்லை. டீக்கடையில் கல்லாவில் இருப்பவர் முகம் பார்த்தாரா, ரேஷன் கடையில் எத்தனை நிமிடம் நிற்க வைத்தார்கள் என்று மனசு தானாகக் கணக்கு எடுக்கிறது. நேற்று எதிர்வீட்டில் ஒரு சாவு. மாலையோடு உள்ளே போனால், வாசலில் யாரும் எதிர்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. சீச்சீ என்று ஆகிவிட்டது. அந்த வீட்டம்மா என் கையைப் பிடித்து அழும்போதுதான் புத்தி திரும்பியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் இப்போதெல்லாம் தரையில் உட்காருவதில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொள்கிறார். முட்டி மடங்கவில்லையாம்.

ஜூன் 27, வெள்ளி

சாப்பிடும்போது அவர் அதிசயமாக வாயைத் திறந்தார்.

"ஆபீஸ்ல நாற்காலியெல்லாம் தூக்கிட்டாங்க."

"ஏனாம்?"

"எவளோ ஒருத்தி வந்து பாத்துட்டு, ஆளு உக்காந்துருக்கான்னு எழுதிப் போட்டுட்டாளாம். மொதலாளி ஒரேடியா தூக்கச் சொல்லிட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி ஆபீசில் உட்காராமல் எப்படிக் கணக்கு எழுதுவது? நின்றுகொண்டே எழுதுகிற மாதிரி உயரமான மேசை ஒன்று இருக்கிறதாம். ஐம்பத்துமூன்று வயது ஆளை நாள் முழுக்க நிற்க வைக்க எந்தப் படுபாவிக்கு மனசு வந்தது?

"அவ கால்ல புத்து வைக்க. அவ வீட்டு ஆம்பளையும் இப்புடி நிக்கணும், அப்பத்தான் தெரியும்" என்றேன்.

"சாபமெல்லாம் விடாத" என்றார். ஆனால் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கினார்.

ஜூலை 5, சனி

இன்று பீட்சா கடை. நிறைய பேர் கொடுத்துவைத்தவள் என்று நினைப்பார்கள். பீட்சாவை வெட்டுவதற்கு முன் ஒரு போட்டோ, வெட்டியபின் ஒரு போட்டோ, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு போட்டோ. நான் கழிப்பறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குள் பீட்சா ஆறிப்போய் ரப்பர் ஆகிவிட்டது. மீதியைக் கட்டி அவருக்குக் கொண்டுவந்தேன். "சர்வே எடுக்குற எடத்துல பீட்சா குடுக்குறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். நாற்பத்தேழு வயதில் இப்படிப் பொய் சொல்ல வருகிறது.

அவர் கால் இரண்டும் கணுக்காலுக்குக் கீழே பன் மாதிரி வீங்கியிருக்கிறது. வெந்நீரில் கல் உப்புப் போட்டு வைத்தேன். சாக்ஸின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. செருப்புப் போட்டுப் போகிறவர் சாக்ஸ் எதற்குப் போடுகிறார் என்றால், ஆபீசில் ஷூ கொடுத்திருக்கிறார்களாம். நல்ல ஆபீஸ்தான். நாற்காலி கிடையாது, ஷூ உண்டு.

ஜூலை 9, புதன்

அவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு எப்படியும் சத்திரம் வரை போக வேண்டியிருந்தது, பால்பண்ணை வழியில்தானே, இறங்கிக் கொடுத்துவிடலாம் என்று போன் செய்தேன்.

"வராத. லாரி வர்ற எடம், பொம்பளைங்க வர்ற எடமா அது? நான் கடையில சாப்ட்டுக்கிறேன். வராதங்கிறேன்ல!"

அப்படி ஒரு கத்தல். ஜன்னலோரம் உட்கார்ந்து பால்பண்ணையைத் தாண்டும்போது ஒவ்வொரு ஆபீசாகப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த வாசலிலும் அவர் தலை தெரியவில்லை. உள்ளே இருப்பார். வேறெங்கே இருக்கப் போகிறார்?

ஜூலை 13, ஞாயிறு

நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. ஏசி மண்டபம். அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தார்.

நான் பந்திக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், இவர் மண்டபத்துக் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டு, தலையைக் குனிந்து "வாங்க, வாங்க" என்கிறார். குழந்தையின் அம்மாவுக்குத் தாய்மாமன் என்று சபையில் உட்கார வைக்கத் தேடுகிறார்கள், இவர் அங்கே நிற்கிறார். "மாமா, நீங்க ஏன் வாசல்ல நிக்கிறீங்க?" என்று நாத்தனார் மருமகன் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தப்புச் செய்து பிடிபட்ட மாதிரி.

பஸ்ஸில் வரும்போது, "என்னங்க ஆச்சு ஒங்களுக்கு?" என்றேன். "கதவு தானா மூடிக்குது, கொழந்தைங்க கை நசுங்கிடும்னுதான்" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இவருக்குள் எதுவோ சரியில்லை. டாக்டரிடம் காட்டலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கடைக்காரர்களுக்குத் தள்ளுபடி, எனக்கு வேலை. ஒரே வாரத்தில் ஏழு விசிட் போட்டிருக்கிறாள் மிருதுளா.

ஜூலை 25, வெள்ளி

மூன்று விசிட், மூன்று ரிப்போர்ட். கண்ணெல்லாம் எரிகிறது. அவரும் ஆடி முடியும் வரை லீவு கிடையாது என்கிறார். லாரிக்கு என்ன ஆடி, என்ன ஆவணி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் தூங்கியிருந்தார். தட்டு மடியில் இருக்க, கை தட்டில் இருக்க, அப்படியே தூங்கிவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பெரிய கடையின் தில்லைநகர் கிளை. மகள் கல்யாணத்துக்குப் பட்டு பார்க்க வந்தவள் என்பது எனக்குக் கொடுத்த வேஷம். நாற்பதாயிரம் வரை பார்க்க வேண்டும், இரண்டு முறை குறை சொல்ல வேண்டும், கடைசியில் ஒரு பிளவுஸ் பிட் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பதினொன்று இருபத்திரண்டு. வாசலில் பட்டுச்சேலை கட்டிய பெரிய பொம்மை ஒன்று, அது நிற்கிற மேடையின் விளிம்பில் செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். வலது கால் ஷூவைக் கழற்றி வைத்து, குனிந்து, கட்டைவிரலால் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தார். தொப்பி பக்கத்தில் கிடந்தது. என் மனசு எழுதிக்கொண்டுவிட்டது: 'அமர்ந்திருந்தார். தொப்பி இல்லை. ஒரு காலில் ஷூ இல்லை.' அதற்கப்புறம்தான் அந்த உச்சந்தலை வழுக்கையைப் பார்த்தேன். அதற்கு எண்ணெய் வைத்துவிடுகிறவளே நான்தான்.

முதலில் பார்த்தது மர்ம வாடிக்கையாளர். பொண்டாட்டி பிறகுதான் பார்த்தாள். இதை நினைக்க நினைக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சேலைக் கரை கண்ணில் பட்டதும் அவர் துள்ளி எழுந்தார். தொப்பியை மாட்டி, விறைத்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "வணக்கம் மேடம், வாங்க!" என்றார். சொல்லி முடித்தபிறகு என் முகத்தைப் பார்த்தார்.

கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவருடைய சாக்ஸில் பெருவிரல் பக்கம் நான் சாம்பல் நூலால் தைத்திருந்த இடம் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். என் பைக்குள் போன் பதிவு செய்துகொண்டிருக்கிறது. 'என்னங்க, நீங்களா?' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் பிழைப்பும் போய்விடும், என் பிழைப்பும் போய்விடும்.

அவர் கதவைத் திறந்தார். நான் "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொந்தப் புருஷன் வணக்கம் வைத்ததற்கு 'ம்' என்று சொன்னேன்.

ஜான்சி என்று சட்டையில் பெயர் குத்திய பெண் பதினோரு பட்டு விரித்தாள். நான் மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை என்றேன், கரை அகலம் போதாது என்றேன், இந்த நிறம் எங்கள் பெண்ணுக்கு எடுக்காது என்றேன். வாய் தானாகப் பேசியது. கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "வாசல்ல இருக்குறவரு உக்காரவே மாட்டாராம்மா?"

ஜான்சி குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் சத்திரம் பிராஞ்சுல ஒரு மேஸ்திரி கஸ்டமர் வந்துச்சாம் மேடம். ஒங்கள மாதிரியே வந்து பாத்துட்டு மார்க் போட்டுட்டுப் போவாங்களே, அவங்க. செக்யூரிட்டி ஸ்டூல்ல உக்காந்துருக்காருன்னு எழுதிட்டாங்க. மூணு பிராஞ்சுலயும் வாசல் ஸ்டூல எடுத்துட்டாங்க. எங்க ஸ்டூலு சட்டத்துக்காகக் கெடக்கு. அவங்க காண்ட்ராக்ட் ஆளுங்கன்னு கணக்குலயே சேக்கல. பாவம், இவரு நல்ல மனுசன் மேடம்."

விரித்திருந்த பட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். "உக்காருங்க மேடம், உக்காருங்க" என்று மெத்தை வைத்த நாற்காலியை ஓடிவந்து போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வரும்போது பில்லைக் காட்ட வேண்டும். அவர் வாங்கிப் பார்த்து, ஓட்டை போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இப்போது இரண்டு காலிலும் ஷூ இருந்தது. "நன்றி மேடம். மறுபடியும் வாங்க."

"வரேங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது மேடம் இல்லை, பொண்டாட்டி.

ஜூலை 30, புதன்

நேற்று எட்டரைக்கு வந்தார். கை கால் கழுவினார். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பட்டு ஒண்ணும் புடிக்கலியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரை ஏறிவிட்டது. அவர்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

கையெழுத்தாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடை கடையாகப் போவது, போன் பையில் இருப்பது, அறுபத்திரண்டு கேள்வி, எல்லாம்.

"அட, நீதான் அந்த மேஸ்திரியா? எங்க கடையில மேஸ்திரி கஸ்டமர், மேஸ்திரி கஸ்டமருன்னு பேசிக்குவானுங்க. நான் கொத்தனார் வேலை பாக்குற ஆளு எவனோ வருவான்னு ரொம்ப நாளா தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். நெடுநாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

"லாரி ஆபீஸ்னு ஏன் சொன்னீங்க?"

"துவாக்குடியில எனக்கு சல்யூட் வெச்ச வாட்ச்மேன் இருக்கான்ல, அவன்தான் இந்த வேலைய வாங்கிக் குடுத்தான். அத எப்புடி ஒங்கிட்ட சொல்றது?"

சிரிப்பு அடங்கியதும் மிச்சத்தையும் சொன்னேன். சத்திரம் கிளை, ஜூன் பத்தாம் தேதி, ஸ்டூல்.

தட்டில் இருந்த கை நின்றது.

"அவளா நீ?"

"ஆமாங்க."

"அது பிச்சமுத்து அண்ணன். அவருக்குக் காலு நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டுக் கெடக்கு. அதனாலதான் அந்த ஸ்டூலயே அவரு கேட்டு வாங்கினாரு." தட்டைத் தள்ளி வைத்தார். "நீயே அவள சபிச்சியேடி."

நான் குழம்புச் சட்டியை மூடி வைத்தேன்.

"இன்னிக்கு என்ன எழுதப் போற?"

"நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்கன்னு."

"உக்காந்துல்ல இருந்தேன்."

"உக்காந்திருந்தா வேலைய விட்டுத் தூக்கிருவாங்கல்ல?"

"தூக்கிருவான்."

அதற்கு மேல் எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

இன்று காலையில் எழுதி அனுப்பிவிட்டேன். கதவைத் திறந்தார், ஆம். சிரித்தார், ஆம். நின்றுகொண்டிருந்தார், ஆம். தொப்பி, பெல்ட், ஷூ, ஆம். கடைசிப் பக்கத்தில், 'இங்கே பணிபுரிவோர் எவரும் என் உறவினர் அல்லர்' என்பதற்கும் டிக் அடித்தேன். இது என் நாற்பத்தோராவது ரிப்போர்ட். பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. பிச்சைமுத்துவுக்கு உண்மையை எழுதினவள், என் புருஷனுக்குப் பொய் எழுதுகிறேன். தெரிந்துதான் எழுதினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போகவில்லை. வீட்டிலேயே கலந்த சாதம் செய்து, பொய் இல்லாமல் "கடைக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லி டிபனில் கட்டிக் கொடுத்தேன். ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்கள், பத்துக்குப் பத்து. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? வீட்டை மூன்று தரம் பெருக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு எவர்சில்வர் ஹாட்பாக்சோடு வந்தார். ரிப்பன்கூடக் கழற்றவில்லை. இந்த மாதத்தின் சிறந்த காவலராம். காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கைதட்டிக் கொடுத்தார்களாம்.

"நல்ல விசயம்தானே?" என்றேன். அவர் முகம் அப்படி இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று கிளைக் காவலர்கள் ஆறு பேரும் சேர்ந்து, வாசலில் ஸ்டூல் வேண்டும் என்று போன வாரம் காண்ட்ராக்டர் மூலமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவர்தான் முதல் கையெழுத்து. முதலாளி இன்று மீட்டிங்குக்கு நேரில் வந்திருக்கிறார். கையில் என் ரிப்போர்ட்.

"'பாருங்கய்யா, ஸ்டூல் இல்லாமலே கலியமூர்த்தி நூத்துக்கு நூறு வாங்கியிருக்காரு. அவருக்கு முடியிறது ஒங்களுக்கு ஏன் முடியாது?'ன்னு கேட்டாரு. மனுவ அங்கயே கிழிச்சுப் போட்டாரு. எனக்கு இந்த டப்பாவக் குடுத்து போட்டோ எடுத்தாங்க."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"யாரும் பேசல. பிச்சமுத்து அண்ணன் மட்டும் போகும்போது கேட்டாரு, 'கலியமூர்த்தி, ஒங்காலு என்ன மரக்காலாய்யா?'ன்னு."

பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பீரோவுக்கு மேலே தள்ளிவிட்டேன். முதல் தடவை உண்மையை எழுதி ஸ்டூலை எடுக்க வைத்தேன். இரண்டாம் தடவை பொய் எழுதி, அது திரும்பி வராதபடி செய்துவிட்டேன். நான் எழுதினாலே யாரோ ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு நாளாக உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. இன்று அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்று கேட்டேன்.

"நான் பேரு போட்டு உண்மைய எழுதிரட்டுமா? அன்னிக்கு நீங்க உக்காந்திருந்தீங்க, நான் ஒங்க பொண்டாட்டி, பொய் எழுதினேன்னு. மொதலாளிக்கு ஒண்ணு, தொழிலாளர் ஆபீசுக்கு ஒண்ணு."

ஷூவை இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போகிறார். கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன் வேலை போயிரும்."

"போகட்டும்."

"என் வேலையும் போயிரும்."

இதற்கு நான் போகட்டும் என்று சொல்லவில்லை. ஹேமாவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது.

அவர் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "எழுதுறதுன்னா சும்மா வலிக்குது, பாவம்னு எழுதாத. அதயெல்லாம் கிழிச்சுப் போட்டுருவான். துவாக்குடியில மெஷின் நின்னா நான் மணி போட்டுத்தான் எழுதுவேன், எத்தனை மணிக்கு நின்னுச்சு, எத்தனை மணிக்கு ஓடுச்சுன்னு. அத எவனும் மறுத்துப் பேச முடியாது. ஒனக்குத்தான் அந்த வேலை நல்லா வருமே."

ஆகஸ்ட் 11, திங்கள்

பொய் எழுதியதை மிருதுளாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "உங்க ஐடிய பிளாக் பண்ணித்தான் ஆகணும் மேடம். வர வேண்டிய பேமெண்டும் வராது" என்றாள். வைப்பதற்கு முன், "எங்கப்பாவும் செக்யூரிட்டிதான் மேடம்" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தில்லைநகர். கடைக்கு எதிரே பஸ் நிழற்குடை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பதிவு இல்லை. முதலாளிக்கும் தொழிலாளர் ஆபீசுக்கும் எழுதும் கடிதத்தோடு இந்தப் பக்கத்தையும் படி எடுத்து வைக்கப் போகிறேன். கீழே என் பெயர், விலாசம், நான் அவர் மனைவி என்பது, எல்லாம் இருக்கும்.

காலை 8.30: வாசலில் நிற்கிறார்.

9.30: நிற்கிறார். கடை திறந்தாயிற்று.

10.30: நிற்கிறார். இந்த ஒரு மணி நேரத்தில் கதவை எண்பத்துநாலு தடவை திறந்தார். எண்பத்துநாலு வணக்கம்.

11.30: நிற்கிறார். ஒரு குழந்தை தொப்பியைக் கேட்டு அழுதது. குனிந்து காட்டினார்.

12.30: நிற்கிறார். வெயில் வாசல்படிக்கு வந்துவிட்டது.

1.30: நிற்கிறார். சாப்பாட்டுக்கு ஆள் மாற்ற யாரும் வரவில்லை.

2.10: உள்ளே போனார். 2.25: வந்துவிட்டார். டிபன் பாக்ஸைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். சாப்பிடும் இடத்தில் நாற்காலி இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

3.30: நிற்கிறார். வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் தேய்த்துக்கொண்டார்.

4.30: நிற்கிறார். சூப்பர்வைசர் வெளியே வந்து என்னை இரண்டு முறை பார்த்தான். நான் நோட்டை மறைக்கவில்லை.

5.30: நிற்கிறார். எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

6.30: நிற்கிறார். கூட்டம் அதிகம். அவர் தலை மட்டும் தெரிகிறது.

7.30: ஆள் மாற்றினார்கள். ரோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தார். நிழற்குடை பெஞ்சில் இடம் இருந்தது. "இப்ப உக்காந்தா எந்திரிக்க முடியாது" என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

7.50: சத்திரம் பஸ் வந்தது. உட்கார்ந்தார். ஜன்னலோரம், என் பக்கத்தில்.